குளிரில் வைத்த புழு

குருவி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் நான் இன்னும் இருக்கிறேன். வேலையை விட்ட பிறகும் யாரும் என்னை அதிலிருந்து எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறார்கள். புழு எப்படி வளர்ப்பது, கெடாமல் எப்படி வைப்பது, நீ ஏன்மா விட்டுட்டே. எல்லாவற்றையும் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதனால் எது முதலில், எது பிறகு என்று சரியாக வராமல் போகலாம். இப்போதெல்லாம் ஒரு இடத்தில் உட்காரவும் முடிவதில்லை. துணி பேக்கிங் கம்பெனியில் நின்றுகொண்டே செய்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறேன். மற்ற பெண்கள் ஸ்டூல் கேட்டுச் சண்டை போடுவார்கள். எனக்கு ஸ்டூல் வேண்டாம்.

எனக்கு வயது இருபத்தாறு. இந்த வயதில் யாரும் ரிட்டயர்டு என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் புழு வேலையிலிருந்து நான் ரிட்டயர்டுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று சொல்கிறேன். ஃபின்ச் என்பது கூண்டில் வளர்க்கிற வெளிநாட்டுக் குருவி, கட்டைவிரல் அளவுதான் இருக்கும். தினை, சாமை போட்டால் பெரிய குருவிகள் தின்றுவிடும். ஆனால் சில ஜாதிக் குருவிகளுக்குக் குஞ்சு பொரித்துவிட்டால் தானியம் போதாது, உயிருள்ள பூச்சி வேண்டும். தாயும் தகப்பனும் பூச்சியைத் தேடும். கூண்டில் எங்கே கிடைக்கும்? அரைநாள் தேடும், ஒருநாள் தேடும். கிடைக்காவிட்டால் குஞ்சுகளை ஒவ்வொன்றாக அலகால் கவ்வி எடுத்து வெளியே போட்டுவிடும். அதைக் கல்நெஞ்சு என்று நான் சொல்ல மாட்டேன். தீனி இல்லாத இடத்தில் பிள்ளை வளர்க்க முடியாது என்று அதற்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் குஞ்சுகளுக்காகப் புழு வளர்ப்பதுதான் என் வேலையாக இருந்தது.

ராயபுரத்தில் ரபி பாய் கடை. முன்பக்கம் கூண்டும் தானியமும், பின்பக்கம் புழு அறை. பள்ளிக்கூடம் நின்ற பிறகு கொஞ்ச காலம் அம்மாவோடு காசிமேட்டில் இறால் உரிக்கப் போனேன். கையெல்லாம் புண்ணாகிவிட்டது. பாய் கடையில் கூண்டு கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். முதல் வருஷம் கூண்டு கழுவினேன். அடுத்த வருஷம் தவிடு சலித்தேன். அதற்குப் பிறகுதான் பாய் என்னைப் புழு ட்ரேயில் கை வைக்க விட்டார். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் குரல் இன்னும் கீழே போகும். அறைக்குள் வரமாட்டார். வாசலில் நின்று மூக்கால் ஒரு இழுப்பு இழுப்பார்.

"இன்னாம்மா, இது தவிட்டு வாசனையா, கக்கூஸ் வாசனையா?"

அவ்வளவுதான். நான் எல்லா ட்ரேயையும் இறக்கிவிட்டு எதிலிருந்து அந்த வாசனை வருகிறது என்று தேட வேண்டும். நல்ல ட்ரே கோதுமை அரைக்கிற மில் மாதிரி மணக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறினால் ஈரம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்காவது ஒரு கேரட் துண்டு அழுகியிருக்கும். பாய் சொன்னால் கட்டாயம் இருக்கும்.

முறையைச் சொல்கிறேன். குரூப்பில் இருப்பவர்கள் இதை மட்டும் படித்தால்கூடப் போதும்.

கோதுமைத் தவிடு வாங்கியதும் ட்ரேயில் கொட்டக் கூடாது. மொட்டை மாடியில் நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். மழைக்காலமாக இருந்தால் வாணலியில் போட்டுக் கை சுடும் அளவுக்கு வறுத்து, நன்றாக ஆறவிட வேண்டும். தவிட்டில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும், அது செத்தால்தான் நம் புழு பிழைக்கும். முட்டை போடும் கருவண்டு தனி ட்ரே, அதிலிருந்து வரும் புழு தனி ட்ரே, வண்டாக மாறப்போகும் கூட்டுப்புழு தனி ட்ரே. ஒன்றாக விட்டால் வண்டு கூட்டுப்புழுவைத் தின்றுவிடும். தண்ணீர் வைக்கக் கூடாது. கேரட்டோ உருளைக்கிழங்கோ சீவி மேலே வைத்தால் அந்த ஈரமே போதும். அது வாடியதும் எடுத்துவிட வேண்டும். ரேக்கின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது.

பிறகு வெள்ளைப் புழு. புழு வளர வளரத் தோலை உரிக்கும். உரித்த உடனே பால் மாதிரி வெள்ளையாக, மெத்தென்று இருக்கும். கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிக் கெட்டியாகிவிடும். பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுக்கு அந்த வெள்ளைதான் செரிக்கும். அதைக் கையால்தான் பொறுக்க வேண்டும், அதற்கென்று ஒரு மெஷினும் கிடையாது. தட்டில் தவிட்டைப் பரப்பி, அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

அடுத்தது குளிரில் வைப்பது. நம் ஊர் வெயிலில் புழு சும்மா இருக்காது. நாம் குஞ்சுக்கு வேண்டும் என்று வைத்திருக்கும்போதே கூட்டுப்புழுவாகி வண்டாகிவிடும். அதனால் சரியான அளவுப் புழுவைச் சலித்து எடுத்து, மூடியில் ஓட்டை போட்ட தட்டை டப்பாவில் காய்ந்த தவிட்டோடு போட்டு, ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் விறைத்துப் போய்விடும். வாரம் ஒருமுறை வெளியே எடுத்துக் கேரட் தின்ன விட்டு மறுபடி உள்ளே வைக்க வேண்டும்.

அந்த ஃபிரிட்ஜ் எங்கள் வீட்டில்தான் இருந்தது. விம்கோ நகரில், முதல் மாடியில், முன் அறையில். பாய் கடையில் கரன்ட் அடிக்கடி போகும். அதனால் ஒரு பழைய ஃபிரிட்ஜை எனக்குக் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார். என் தம்பி சதீஷும் அவன் தோஸ்துகளும் அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்கள். சதீஷ் ஹார்பரில் கன்டெய்னர் கட்டுகிற வேலையில் இருந்தான். கப்பல் மேலே ஏறிக் கம்பி மாட்டி இறுக்குவான். என்னைவிட இரண்டு வயது சின்னவன், ஆனால் வீட்டில் அவன்தான் பெரியவன் மாதிரி பேசுவான். ஃபிரிட்ஜுக்கென்று தனியாக ஒயர் இழுத்து ஒரு பெரிய பாயிண்ட் வைத்தான். எங்கள் வீட்டில் பவர் பாயிண்ட் அது ஒன்றுதான்.

"அதுல ஒரு பால் பாக்கெட் வெச்சன்னாகூட நான் இந்த வூட்ல சோறு துன்ன மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் புழு என்றாலே கலீஜ்.

"யம்மா, எறாவும் புழு மாதிரிதான் கீது. நீ நாளெல்லாம் அதத்தான உரிச்சிக்கினு கீற" என்பான் சதீஷ்.

"எறா கடல்ல கீதுடா. இது உங்கக்கா தலமாட்டுல கீது."

வேலையிலிருந்து வந்ததும் ஃபிரிட்ஜைத் தட்டுவான். "இன்னாக்கா, உன் புள்ளைங்க தூங்கிச்சா?" என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் வேலையை விட்ட வருஷம் ஐப்பசி முழுக்க மழை. கடையில் ஒரு மூட்டைத் தவிடு சரியாகக் காயவில்லை. ஒருநாள் பாய் வாசலில் நின்று மோந்து பார்த்தார். உள்ளே வந்தார். அவர் உள்ளே வந்தால் பெரிய விஷயம். ட்ரேயின் ஓரத்தில் மாவு மாதிரி ஒரு தூசி ஒட்டியிருந்தது. அதில் ஒரு சிட்டிகை எடுத்துக் கறுப்புத் துணியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மூச்சு வுடாம பாரு."

பார்த்தேன். மாவு நகர்ந்துகொண்டிருந்தது. அவ்வளவும் பூச்சி.

அன்றே எல்லா ட்ரேயையும் கொட்டினோம். கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அத்தனை நாள் வளர்த்ததெல்லாம் சாக்கடையில் போனது. கடைசி ட்ரேயைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு பாய் சொன்னார்: "உன் வூட்டு ஃபிரிட்ஜில கீறதுதாம்மா இனிமே நம்ம கட." வீட்டில் ஃபிரிட்ஜ் டப்பாக்கள் போக, ஜன்னலோரம் சின்ன ரேக்கில் நாலைந்து ட்ரே வைத்திருந்தேன். அதுதான் மிச்சம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பாயிடம் வாங்குகிற அத்தனை பேருக்கும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் ஆன்டனி சார் வீட்டில் குஞ்சு பொரித்தது. அவர் ராயபுரத்தில் தனியாக இருக்கிறவர். கார்டன் ப்ளூ என்கிற ஜாதிக் குருவி ஜோடி ஒன்று வைத்திருந்தார். வயிறெல்லாம் வானத்து நீலம். அது முன்பே இரண்டு முறை பொரித்து, இரண்டு முறையும் குஞ்சுகளை வெளியே போட்டுவிட்டது. மூன்றாவது முறை நாலு குஞ்சு. "தேவிம்மா, இந்த வாட்டி உன்ன நம்பித்தான் கீறேன்" என்றார். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வெள்ளைப் புழு கொடுத்து அனுப்பினேன். நாலும் வளர்ந்துகொண்டிருந்தன.

சதீஷுக்கு ஜுரம் வந்தது. மழையில் நனைந்ததுதான் என்று மாத்திரை போட்டான். பிறகுதான் டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் காலையில் அங்கே போவேன், நடுவில் வீட்டுக்கு ஓடிவந்து புழு பொறுக்கிக் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவேன். ஒரு விடியற்காலையில் அவன் போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

மத்தியானத்துக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடவே ஐஸ் பெட்டியும் வந்தது. பெட்டி கொண்டுவந்த ஆள் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

"பவர் பாயிண்ட் எங்க கீதுங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். அவன் வைத்த பாயிண்ட்டில் அவனுடைய பெட்டியைச் சொருகினார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. கை சும்மா இருக்கவில்லை. பெண்கள் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். பிளக் பிடுங்கிய ஃபிரிட்ஜுக்குள் டப்பாக்களை விட்டால் வேர்த்து, ஈரம் சேர்ந்து, எல்லாம் கெட்டுவிடும். எழுந்து போய் டப்பாக்களை எடுத்துச் சமையல் மேடைக்குக் கீழே தரையில் பரப்பினேன். மூடியைத் திறந்தேன்.

எங்கள் அத்தை பின்னாலேயே வந்தார். "இன்னாடி பண்ற இங்க? தம்பி அங்க கெடக்கறான்."

"ஒண்ணுமில்ல அத்த."

எட்டிப் பார்த்தார். "எல்லாம் செத்துப்பூட்ச்சே. எடுத்துக் கொட்டித் தொல."

"சாவல அத்த. குளிருல அப்டித்தான் கெடக்கும். வெளில வெச்சா கொஞ்ச நேரத்துல ஆடும்."

அப்போது ஆன்டனி சாரிடமிருந்து போன் வந்தது. அவருக்கு எதுவும் தெரியாது. "தேவிம்மா, காலைலருந்து தீனி வரலையே. தாய்க்குருவி கூட்டு வாசலுக்கு வந்து வந்து எட்டிப் பாத்துக்கினு கீது. எனக்கு பயமா கீதும்மா" என்றார். பின்னால் அழுகைச் சத்தம் கேட்டு "இன்னா சத்தம் அங்க?" என்றார். "வரும் சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

தரையில் குந்தி, டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைத் தினமும் செய்திருக்கிறேன். குச்சி மாதிரி கிடக்கும். பழகாதவர்கள் செத்துவிட்டது என்று கொட்டிவிடுவார்கள். தொடக் கூடாது, குலுக்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. அறைச் சூட்டில் விட்டுவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். முதலில் ஒன்றின் முன்னங்கால் ஆடும். பிறகு பக்கத்தில் இருப்பது வளையும். பிறகு டப்பா முழுக்கச் சலசலவென்று சத்தம் வரும். அன்றைக்கும் அப்படியே நடந்தது. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜன்னலோர ட்ரேயை இறக்கி வெள்ளைப் புழு பொறுக்க ஆரம்பித்தேன். முன் அறையில் ஒப்பாரி. எனக்கு அப்போது அதுதான் தோன்றியது, பொறுக்கினேன்.

நாலு மணிபோல ரபி பாய் மாலையோடு வந்தார். கடையின் குட்டி யானை வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சதீஷ் தலைமாட்டில் நின்றார். பிறகு அம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார், புழுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது தெருமுனையில் இருந்து டர்ரென்று மெஷின் சத்தம் வந்தது. கொசுப் புகை அடிக்கிறவர்கள். டெங்குவில் ஒரு சாவு விழுந்துவிட்டதால் தெரு முழுக்க வீடு வீடாக அடிக்க வேண்டும் என்று கார்ப்பரேஷனில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மெஷின்காரர் படியேறி வந்தவர், பெட்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"எடுத்தப்புறம் வந்து அடிக்கறோம்மா. ஆனா இன்னிக்கு அடிச்சே ஆவணும். தெருவுல புள்ளைங்க கீது" என்றார். தெருவில் இப்போதே ஆரம்பிக்க வேண்டும், ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார்.

அந்தப் புகை கொசுவை மட்டும் கொல்லாது. சந்தில் அடித்தால் ஜன்னல் இடுக்கில் நுழைந்து ட்ரேயில் படியும். வண்டு மல்லாந்துவிடும், புழு கறுத்துவிடும். அந்தப் புழுவைத் தின்கிற குஞ்சும் பிழைக்காது. பாய் ஜன்னலோர ரேக்கைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவர் பக்கத்தில் போனேன். "பாய், எல்லாத்தையும் வண்டில ஏத்திக்கினு போய்டுங்க."

"வேணாம்மா. போனா போவுது. புழுதானே, மறுபடி வளத்துக்கலாம்."

"ஆன்டனி சார் குஞ்சுங்க?"

நான் முதல் ட்ரேயைத் தூக்கினேன். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடி வூட்லருந்து ஒரு துரும்பு வெளில போவக் கூடாது. தெரியாதா உனக்கு? அதுவும் புழுவ. அவனத் தாண்டிக்கினு எடுத்துக்கினு போவியா?"

"வேற வாசல் இல்ல அத்த."

"அப்ப சாவட்டும் வுடு. புள்ளயே பூட்டான், புழு இருந்து இன்னா?"

பாய் எழுந்தார். "அவங்க சொல்றது கரெக்டும்மா. இந்த நேரத்துல வேணாம். கீழ வை."

நான் வைக்கவில்லை. தூக்கிக்கொண்டே நின்றேன். எல்லோரும் அழுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மெஷின் சத்தம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

பெட்டி மேல் தலையைச் சாய்த்திருந்த அம்மா தலையைத் தூக்கவில்லை. அப்படியே சொன்னார்: "உசுரோட கீறது போவட்டும். வுடுங்க."

பாய் என் கையில் இருந்து ட்ரேயை வாங்கிக்கொண்டார். என்னைத் தூக்கவிடவில்லை. ஒவ்வொரு ட்ரேயாக அவரே எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு தடவையும் சதீஷைக் கடக்கும்போது நின்று, தலையைத் தாழ்த்திவிட்டுப் போனார். பிறகு டப்பாக்களை எடுத்தார். வெள்ளைப் புழு வைத்திருந்த சின்ன டப்பாவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல ஆன்டனி சார் வூடு, அப்புறம்தான் கட" என்றார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. நான் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினேன். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது.

அந்தக் குஞ்சுகளில் மூன்று பிழைத்தன. ஒன்றை பாய் போய்ச் சேர்வதற்குள் தாய் வெளியே போட்டிருந்தது. மூன்றும் இப்போது பெரிதாகி ஆன்டனி சார் கூண்டில் இருக்கின்றன. வந்து பாரும்மா என்கிறார். போகவில்லை. மூன்று பிழைத்தது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாது.

இப்போது நான் வேலையை ஏன் விட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாய் போன பிறகு மேளக்காரர்கள் வந்தார்கள். குளிப்பாட்டுவதற்காக ஐஸ் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்தார்கள். சதீஷைத் தூக்கி பெஞ்சில் கிடத்தினார்கள். மாமா தண்ணீர்க் குடத்தை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் பொறு மாமா."

முகம் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு விலகி நின்றார். மேளத்தையும் நிறுத்தச் சொன்னார். நான் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அம்மாதான் வந்து என் தோளைப் பிடித்தார்.

"இன்னாடி பாக்கற?"

"ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லி எழுந்தேன். அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள்.

காரியம் முடிந்து கடைக்குப் போனேன். ட்ரேயெல்லாம் நன்றாக இருந்தது, கோதுமை வாசனை வந்தது. புதிதாக ஒரு ஃபிரிட்ஜ் வாங்கி வைத்திருந்தார். ஒரு டப்பாவை எடுத்து மேஜையில் வைத்து மூடியைத் திறந்தேன். எல்லாம் குச்சி குச்சியாகக் கிடந்தன. பக்கத்தில் நின்றேன். முதல் கால் ஆடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.